இட்லிக்கு ஒரு முகம் வரைவோம்

உணவுப் பொருளைக் கார்ட்டூன் பாத்திரமாக வரையப் பழகுவோருக்கு இட்லியே மிகவும் ஏற்றது. அதில் மூலைகளும் இல்லை, சிக்கலான வளைவுகளும் இல்லை. பென்சிலை அழுத்தாமல், உயரத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு அகலமுள்ள நீள்வட்டம் ஒன்றை வரைந்து, அடிப்பகுதியைச் சற்றே தட்டையாக்குங்கள்.

முகத்தை அமைப்பதில்தான் முழுக் கவனமும் தேவை. பெரிய கண்களும் உயர்ந்த நெற்றியும் உருண்ட கன்னங்களும் கொண்ட குழந்தை முகம் நம்மிடம் பரிவைத் தூண்டுகிறது என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943இல் எழுதினார். ஆகவே கண்களை நடுக்கோட்டுக்குக் கீழே, ஒன்றுக்கொன்று நன்கு விலக்கி, கரிய வட்டங்களாக வரைந்து, இரண்டிலும் ஒரே பக்கத்தில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளியை விட்டுவிடுங்கள். வாய், கண்களுக்கு இடையிலேயே, மிகச் சிறிய வளைவாக இருக்கட்டும். அதைக் கீழே இறக்கினால் முகம் நீண்டு முதிர்ந்த தோற்றம் வந்துவிடும். மூக்கு வேண்டியதில்லை.

குட்டையான கை கால்களைச் சேர்த்து, கன்னங்களில் வெளிர் இளஞ்சிவப்பைத் தீட்டுங்கள். உடலுக்குத் தாளின் வெண்மையே போதும். வெளிக்கோட்டுக்குக் கறுப்பைவிடப் பழுப்பு மை மென்மையாக அமையும் என்பது என் கருத்து. உச்சியில் ஒரு கறிவேப்பிலையை வரைந்து, மை நன்றாக உலர்ந்த பின்னரே பென்சில் கோடுகளை அழியுங்கள்.