ஃபார்மேட்டரை ஓட்டும் முன் கிட் பிளேமைக் காப்பாற்றுங்கள்

கோடை உள்தள்ள டேப்பா ஸ்பேஸா என்ற வாக்குவாதம் ஒருவழியாக முடிந்து, பழைய ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட் முழுவதிலும் ஃபார்மேட்டரை (கோடின் தோற்றத்தை ஒரே சீராக்கும் கருவியை) ஓட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பைத்தானுக்கு பிளாக், சி மொழிக்கு கிளாங்-ஃபார்மேட் என்று எதை ஓட்டினாலும், மாறிய வரிகள் எல்லாவற்றுக்கும் கிட் பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று சொல்லும் கமாண்ட்) உங்கள் பெயரைத்தான் காட்டும். ஒரு வரியை ஏன் அப்படி எழுதினார்கள் என்று நள்ளிரவில் தேடுகிறவருக்கு "ஃபார்மேட் செய்தேன்" என்ற கமிட் (கிட்டில் பதிவான மாற்றம்) எந்த உதவியும் செய்யாது. ஸ்டைல் பேட்ச்களைப் பார்த்தாலே பல மெயின்டெயினர்களுக்குக் கோபம் வருவது இதனால்தான். அந்தக் கோபம் நியாயமானது.

2019-ல் வந்த கிட் 2.23 இதற்கு வழி தருகிறது: ஒரு ஃபைலில் நாம் குறித்துவைக்கும் கமிட்களை பிளேம் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். ஃபார்மேட் மாற்றத்தைத் தனிக் கமிட்டாகப் போடுங்கள். அதில் ஒரு சின்ன பக் ஃபிக்ஸ்கூடக் கலக்க வேண்டாம். அது மெயின் பிராஞ்சில் சேர்ந்த பிறகு, அதன் முழு 40 எழுத்து ஹேஷை (கமிட்டின் அடையாள எண்ணை), ‘.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்’ (.git-blame-ignore-revs) என்ற ஃபைலில் எழுதுங்கள். முன்கூட்டியே எழுதினால், ஸ்குவாஷ் (கமிட்களை ஒன்றாக்குவது) அல்லது ரீபேஸ் (கமிட்களை வேறொரு கமிட்டின் மேல் மாற்றி வைப்பது) செய்யும்போது ஹேஷ் மாறிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். ஹேஷுக்கு மேலே # போட்டு, எதற்கான கமிட் என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது.

கிட்ஹப்பின் பிளேம் பக்கம் ரூட் ஃபோல்டரில் உள்ள இந்த ஃபைலைத் தானே எடுத்துக்கொள்ளும். சொந்தக் கணினியில் மட்டும் ஒவ்வொருவரும் ‘பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்’ (blame.ignoreRevsFile) என்ற கான்ஃபிக்கை ஒருமுறை அமைக்க வேண்டும். குளோன் செய்தால் அது கூடவே வராது. கான்ட்ரிப்யூட்டர்களுக்கான வழிகாட்டியில் அதை அமைக்கும் கமாண்டை எழுதி வைத்துவிடுங்கள்.