ரோமானியச் செதுக்குக் கல்லில் இருப்பது எந்தப் பேரரசர்? முகத்தை விடுங்கள், முடியைப் பாருங்கள்

ஒரு கல்லின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டேன். சூதுபவளம் என்ற செந்நிறக் கல், சுண்டுவிரல் நகம் அளவு, அதில் ஓர் ஆணின் பக்கவாட்டுத் தலை. உப்பிய தாடை, தடித்த கழுத்து. நீரோதான் என்று முடிவு கட்டினேன். மூன்றாம் நாள் அதே கல்லை அழுத்தி எடுத்த ப்ளாஸ்டர் அச்சின் படம் கிடைத்தது. ஒட்டிய கன்னம், மெலிந்த கழுத்து! அகஸ்டஸ் குடும்பத்து இளைஞன் யாரோ ஒருவன்.

அந்தத் தப்பை நீங்கள் செய்யாமலிருக்கத்தான் இது. ரோமானியக் காசுகளை ஓரளவு பார்த்துப் பழகியவர் நீங்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. குழியா, புடைப்பா?

முகம் கல்லிலிருந்து மேலே எழுந்து நின்றால் அது கேமியோ. கண்ணுக்குத் தெரிவதுதான் முகம், நேரே மூன்றாம் படிக்குப் போங்கள். உள்ளே குடைந்திருந்தால் இன்டாலியோ. மெழுகிலோ களிமண்ணிலோ அழுத்தினால்தான் சிற்பி மனதில் வைத்திருந்த முகம் வெளியே வரும்.

2. படத்தைத் திருப்புவது

நான் விழுந்தது இங்கேதான். இடவலம் மாற்றினால் போதும் என்று நினைத்தேன். போதாது. முகம் என்றாலே மேடு என்று மூளை எடுத்துக்கொள்கிறது. ஆனால் குழிக்குள் நிழல் விழுவது மேட்டில் விழுவதற்கு நேர் எதிராக. மேலிருந்து வெளிச்சம் போட்டு எடுத்த படம், கீழிருந்து டார்ச் அடித்த முகம் மாதிரி தெரியும். தாடையும் கழுத்தும் ஊதிப்போகும். என் நீரோ பிறந்தது அப்படித்தான்.

செய்ய வேண்டியது: படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். இடவலம் மாற்றுங்கள். அப்புறம் நெகட்டிவ் ஆக்குங்கள். நெகட்டிவில் வெளிச்சமும் நிழலும் இடம் மாறுவதால் குழி மேடாக எழுந்து வரும். முதல் தடவை பார்க்கும்போது கொஞ்சம் திடுக்கென்றுதான் இருக்கும். இதற்கு ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருள் தாராளம், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். செல்ஃபி ஆப் பக்கம் மட்டும் போகாதீர்கள். பேரரசரின் சுருக்கத்தையெல்லாம் மழித்துவிடும்.

கல் கையிலேயே இருந்தால் குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் மெதுவாக அழுத்திப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் இருந்தால் அதுவும் வேண்டாம்.

3. முடி

முகம் பொய் சொல்லும். அகஸ்டஸ் கி.பி. 14-இல் இறந்தபோது வயது 75, உருவங்களிலோ கடைசிவரை இளைஞன். முடி அமைப்பு அப்படி இல்லை. அரசு ஒப்புதலோடு வந்த ஒரு முன்மாதிரி உருவத்தைப் பார்த்துத்தான் எல்லாச் சிற்பிகளும் செய்தார்கள்.

அகஸ்டஸுக்கு நெற்றி முடியில் ஓரிடத்தில் உண்டிவில் கவட்டை மாதிரி பிரிவு, பக்கத்திலேயே இடுக்கி மாதிரி ஒரு வளைவு. சிலைகளில் பளிச்சென்று தெரியும், பக்கவாட்டு முகத்தில் பாதிதான் கிடைக்கும். திபேரியஸுக்கு மெல்லிய உதடு, உள்வாங்கிய மோவாய், பிடரியில் நீண்டு தொங்கும் முடி. அந்தப் பிடரி முடியைப் பேரரசர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய சூட்டோனியஸும் குறித்து வைத்திருக்கிறார். நீரோவின் பிற்காலக் காசுகளில் நெற்றிக்கு மேல் முடி அடுக்கடுக்காக ஏறும். டிராஜன் என்றால் உச்சியிலிருந்து முன்னால் வாரி நெற்றியில் நேராக நறுக்கிய முடி. முழுத் தாடி இருந்தால் ஹாட்ரியனுக்கு (கி.பி. 117–138) முன்னால் தேடிப் பிரயோஜனமில்லை. தாடியை ஒட்ட வெட்டிப் புருவத்தை நெரித்து முறைத்தால் காரகல்லா.

தலையில் இருப்பதை அவசரப்பட்டு நம்பாதீர்கள். பிரிட்டிஷ் மியூசியத்திலுள்ள பிளாக்காஸ் கேமியோவில் அகஸ்டஸ் தலையில் மின்னும் ரத்தினப் பட்டை, இடைக்காலத்தில் யாரோ பொருத்தியது. வீழ்ந்த பேரரசரின் கேமியோவை அடுத்தவர் முகமாகச் செதுக்கி மாற்றுவதும் நடந்தது. தலைக்குப் பொருந்தாத பெரிய காது, திடீரென்று தட்டையாகும் முடி தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

4. காசோடு ஒப்பிடுவது

கல்லில் பெரும்பாலும் பெயர் இருக்காது, காசில் இருக்கும். அதனால் காசுதான் சாட்சி. நமக்கு இதில் ஒரு வசதி: அகஸ்டஸ், திபேரியஸ் வெள்ளிக்காசுகள் கோவை, கரூர் வட்டாரங்களில் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகளைப் பாருங்கள். அரிக்கமேட்டில் 1937-இல் கிடைத்த செதுக்குக் கல்லில் இருப்பது அகஸ்டஸ் என்று சொன்ன பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராயும் காசு ஆய்வாளர்தான். வீட்டிலிருந்தே பார்க்க ‘ஆன்லைன் காயின்ஸ் ஆஃப் த ரோமன் எம்பயர்’ தளம் எனக்குப் பிடித்தது. ஏல நிறுவனங்களின் படங்கள் அழகு, ஆனால் அவர்கள் வைக்கும் பெயர் விற்பதற்காக வைப்பது.

மூக்கு, மோவாய், பிடரி, நெற்றி முடி என்று நான்கையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். குறைந்தது மூன்று பொருந்தவேண்டும். இரண்டோடு நின்றால் ‘ஜூலியோ-கிளாடிய இளவரசர்’ (அகஸ்டஸ் முதல் நீரோ வரை ஆண்ட குடும்பம்) என்று எழுதிக்கொள்ளுங்கள். அருங்காட்சியகங்களே அப்படித்தான் எழுதுகின்றன. அந்தக் குடும்பத்துப் பையன்களை வேண்டுமென்றே அகஸ்டஸ் சாயலில் செதுக்கினார்கள்.

5. பழையதுதானா?

18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கனவான்கள் இவற்றுக்காக அலைந்தார்கள், சிற்பிகளும் சளைக்காமல் செய்து கொடுத்தார்கள். அகஸ்டஸின் முத்திரையையே செதுக்கிய டியோஸ்கூரிதீஸின் கையொப்பத்தைக்கூடப் போலியாகப் பொறித்தார்கள். ஆகவே கிரேக்க எழுத்தில் பெரிய பெயரைப் பார்த்ததும் துள்ள வேண்டாம். கண்ணாடிப் பிரதிகளும் உண்டு. லென்ஸில் உள்ளே காற்றுக்குமிழி தெரிந்தால் அது கல் இல்லை. ரோமானியர்களே கண்ணாடியில் வார்த்திருப்பதால், குமிழி இருப்பதை வைத்து மட்டும் புதியது என்றும் சொல்லிவிட முடியாது.

பின்சேர்க்கை: நெகட்டிவ் வித்தை செவ்வந்திக்கல்லில் வேலை செய்யவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். முயன்று பார்த்தேன், அவர் சொன்னது சரி. வெளிச்சம் கல்லுக்குள் ஊடுருவிப் போவதால் நிழலே ஒழுங்காக விழுவதில்லை. நீங்களே படம் எடுப்பதானால் பின்னால் கறுப்புத் தாள் வைத்து, விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்தி வையுங்கள். அருங்காட்சியகப் படம் என்றால், அதே பக்கத்தில் அச்சின் படமும் இருக்கிறதா என்று கடைசிவரை உருட்டிப் பாருங்கள். என் சூதுபவளத்தின் அச்சுப்படமும் அப்படி ஐந்தாவது படமாகத்தான் ஒளிந்திருந்தது.