சோற்றுக்கற்றாழையை முகத்தில் பூசும் முன்

வெயிலில் கன்றிய முகத்திற்கும், சவரம் செய்தபின் எரியும் கன்னத்திற்கும் சோற்றுக்கற்றாழைச் சோறு நல்ல குளிர்ச்சி தரும். ஆனால் மடலை ஒடித்த கையோடு பூசிக்கொள்வது சரியான முறையன்று. வெட்டுவாயில் கசியும் மஞ்சள் நிறப் பாலில் அலோயின் என்ற கசப்புப் பொருள் இருப்பதால், அது சிலருக்கு அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும்.

செடியின் அடிப்புறத்தில் உள்ள முற்றிய, தடித்த மடலை அடியோடு அறுத்து, வெட்டுவாய் கீழே இருக்குமாறு ஒரு கிண்ணத்தில் 15 நிமிடம் சாய்த்து நிறுத்தினால் பால் பெரும்பாலும் வடிந்துவிடும். பிறகு இருபுற முட்களையும் சீவி, தோலை உரித்து, உள்ளே கண்ணாடிபோல் இருக்கும் சோற்றை மட்டும் எடுத்து, மஞ்சள் கறையும் கசப்பு வாடையும் நீங்கும்வரை பலமுறை தண்ணீரில் அலச வேண்டும். ஏழு முறை கழுவச் சொல்லும் பழைய வழக்கம் வீண் சடங்கன்று.

முதன்முறை பயன்படுத்துவோர் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. பூண்டு, வெங்காயம் ஒவ்வாதவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். முகத்தில் மெல்லியதாகப் பூசி, 20 நிமிடத்தில் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். பலரும் பரிந்துரைக்கும் எலுமிச்சைச் சாற்றை இதனுடன் கலக்காதீர்கள். அதைப் பூசிய தோலில் வெயில் பட்டால் கருந்திட்டுகள் விழக்கூடும். ஆழமான காயத்திற்கும் கொப்புளித்த தீப்புண்ணுக்கும் மருத்துவரிடமே செல்ல வேண்டும். மீந்த சோற்றை மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஓரிரு நாட்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள்.