ராத்திரிக்குப் பிள்ளைக்கு எந்த உடுப்பு? முதல் பிள்ளைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

என் மகள் பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. மே மாதம். கத்தாரில் இருக்கிற அண்ணன் அனுப்பிய உடுப்பு ஒன்று இருந்தது. கரடிக் காது வைத்த தொப்பி, காலையும் சேர்த்து மூடுகிற முழு உடுப்பு, தொட்டால் மெத்தென்று இருக்கும். ஆசைப்பட்டு ராத்திரி அதைப் போட்டுப் படுக்க வைத்தேன். நடுச்சாமத்தில் வீறிட்டாள். பால் கொடுத்தேன், தோளில் போட்டுத் தட்டினேன், மாமி வயிற்றில் பெருங்காயம் அரைத்துத் தடவினார்கள். அழுகை நிற்கவில்லை. தற்செயலாகப் பிடரியில் கை பட்டபோதுதான் தெரிந்தது, ஈரம். ஜிப்பைத் திறந்தால் முதுகு முழுக்கச் சிவப்புச் சிவப்பாய் வேர்க்குரு.

தக்கலைப் பக்கத்துப் புழுக்கத்தில் அந்த உடுப்புக்குள் என் பிள்ளை வெந்துகொண்டிருந்திருக்கிறாள். அதன் பிறகு இரண்டு பிள்ளைகளை வளர்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ராத்திரி உடுப்பு வாங்கும்போது முதலில் வேர்வையை நினையுங்கள், குளிரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: உங்கள் அறையைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன்பு பிள்ளை படுக்கப்போகிற அறையில் ஒரு வெப்பமானியை மாட்டி இரண்டு மூன்று இரவு கவனியுங்கள். மாவட்டம் சிறியது, ஆனாலும் ஊருக்கு ஊர் இரவு வேறு. குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் விடிய விடியப் பிசுபிசுப்பு. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி ஆடியில் கணவாய்க் காற்று ஜன்னலை அடித்துச் சாத்தும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்து நடுவில் வீடென்றால் மழைநாளில் விடியற்காலை சில்லென்று இருக்கும்.

அறை 27 டிகிரிக்கு மேல் இருந்தால் மெல்லிய பருத்தியில் கையில்லாத அல்லது அரைக்கை உடுப்பு ஒன்று போதும். 24 முதல் 27 வரை என்றால் மெல்லிய முழுக்கை, முழுக்கால் உடுப்பு. அதற்கும் கீழே இறங்கினால், அல்லது ஏ.சி. போடுகிற வீடென்றால், உள்ளே ஒரு பனியன் சேர்த்துக்கொள்ளலாம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் எடை குறைவான பிள்ளைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களால் உடம்புச் சூட்டைத் தக்கவைக்க முடியாது, டாக்டர் சொல்கிறபடிதான் போட வேண்டும்.

போர்வைக்குப் பதிலாகப் பிள்ளையை உள்ளே விட்டு மூடுகிற தூக்கப் பைகள் வெளிநாட்டிலிருந்து வரும், அவற்றில் 'டாக்' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். துணி எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதன் அளவு அது. 2.5 டாக் என்றால் ஏறக்குறைய 16 முதல் 20 டிகிரி வரையுள்ள அறைக்கானது. நம் ஊரில் அப்படி ஓர் இரவு கிடையாது. 0.2 அல்லது 0.5 என்றிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை அன்போடு எடுத்து வைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: துணி

வடசேரியோ மார்த்தாண்டமோ, கடையில் உடுப்பைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, உள்பக்கத்தை வெளியே திருப்புவது. வெளியே பூவும் பொம்மையும் அழகாகத்தான் இருக்கும். பிள்ளையின் தோலில் படுவது உள்பக்கம். தையல் ஓரம் முள்ளாகக் குத்துகிறதா, பூவேலையின் பின்பக்கத்து நூல் முடிச்சுகள் உரசுகின்றனவா என்று உங்கள் முழங்கையின் உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். கழுத்துக்குப் பின்னால் இருக்கும் லேபிளையும் தடவிப் பாருங்கள். சில லேபிள்கள் பிளேடு மாதிரி இருக்கும்.

துணி நூறு சதவீதம் பருத்தியாக இருக்கட்டும். பருத்தி வேர்வையை இழுத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் அப்படி இழுக்காது, ஈரம் தோலோடு தங்கிவிடும். பனியன் துணியிலேயே மெல்லிசும் உண்டு, கனத்ததும் உண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உங்கள் விரல் நிழலாகத் தெரிய வேண்டும். அதுதான் நம் ஊர் இரவுக்குச் சரி. மல் துணியில் தைத்த ஜப்லா, அதாவது கைப்பிள்ளைக்கான சின்னச் சட்டை, இன்னும் நல்லது. பழைய வேட்டி, பழைய காட்டன் சேலை இருந்தால் தையல்காரரிடம் கொடுத்து நாலைந்து தைத்துக்கொள்ளுங்கள். நூறு தடவை துவைத்து மிருதுவான துணியின் சுகம் புதுத்துணியில் வராது.

மூன்றாம் படி: இருட்டில் மாற்ற முடியுமா?

இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். பிறந்த பிள்ளை ராத்திரியில் மூன்று நான்கு தடவை நனைக்கும். நீங்கள் அரைத் தூக்கத்தில், சின்ன விளக்கு வெளிச்சத்தில், ஒரு கையால் காலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மாற்ற வேண்டும். முதுகில் பட்டன் வைத்த கவுன் பகலில் போட்டோ எடுக்க நன்றாக இருக்கும். ராத்திரியில் பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டு பட்டனைத் தேடுவதற்குள் அது முழுசாக விழித்துவிடும். பிறகு நாலு மணி வரை உங்களுக்கும் தூக்கமில்லை.

முதல் இரண்டு மாதத்துக்கு முன்பக்கம் திறக்கிற, பக்கவாட்டில் கட்டுகிற ஜப்லா நல்லது. தலை வழியாக எதையும் இழுக்க வேண்டாம், தொப்புள் கொடி காய்ந்து விழும்வரை அங்கே உரசலும் இருக்காது. கட்டுகிற நாடா உங்கள் விரல் நீளத்துக்கு மேல் வேண்டாம். அதற்குப் பிறகு, தொடைக்கு நடுவே அழுத்து பட்டன் வைத்த உடுப்பு. நாப்பி மாற்ற கீழ்ப்பக்கம் மட்டும் திறந்தால் போதும், நெஞ்சுப்பகுதி மூடியே இருக்கும்.

தோளில் ஒன்றன்மேல் ஒன்று மடிந்த கழுத்து வைத்த உடுப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த மடிப்பு எதற்கென்று என் முதல் பிள்ளைக்கு எட்டு மாதம் ஆகும்வரை எனக்குத் தெரியாது. பிள்ளை முதுகு வரை வெளிக்குப் போய்விட்டால் உடுப்பைத் தலை வழியாகக் கழற்ற வேண்டாம். அந்தக் கழுத்தை அகல விரித்துத் தோள் வழியாகக் கீழே இறக்கிக் கால் வழியாக உருவிவிடலாம். முகத்திலும் முடியிலும் ஒன்றும் படாது.

ஒரு துவர்த்தை (துண்டை)ச் சுருட்டிப் பிள்ளையாக நினைத்து, விளக்கை அணைத்துவிட்டு ஒரு தடவை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். எந்த உடுப்பு தொல்லை தருகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

நான்காம் படி: அளவு

'வளரும் பிள்ளைதானே' என்று இரண்டு அளவு பெரிதாக எடுப்பது நம் வழக்கம். பகல் உடுப்பில் பரவாயில்லை. ராத்திரியில் தொளதொளத்த உடுப்பு மேலே ஏறி வாயையும் மூக்கையும் மூடும். பருத்தி முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும், அதற்காக ஒரு அளவு கூட்டினால் போதும். கழுத்தில் உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும், தோள் நழுவி இறங்கக் கூடாது. இடுப்பு எலாஸ்டிக் காலையில் வயிற்றில் கோடு போட்டிருந்தால் அந்த உடுப்பின் காலம் முடிந்தது.

அமெரிக்காவிலிருந்து வருகிற பருத்தி இரவு உடுப்பில், இது தீத்தடுப்புத் துணியல்ல, உடம்போடு ஒட்டிப் போட வேண்டும் என்று ஒரு மஞ்சள் லேபிள் இருக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் இரவு உடுப்பு ஒன்று தீத்தடுப்புத் துணியில் இருக்க வேண்டும், அல்லது உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும் என்பது 1996-இல் அங்கே திருத்தப்பட்ட விதி. தொங்குகிற துணி எளிதில் தீயைப் பிடிக்கும் என்பதுதான் காரணம். நிலைவிளக்கும் சாம்பிராணிச் சட்டியும் கொசுவர்த்திச் சுருளும் இருக்கிற நம் வீட்டுக்கும் அது பொருந்தும். லேஸ் தொங்கும் நைலான் கவுனோடு பிள்ளையைச் சாம்பிராணிப் புகையில் காட்டவே காட்டாதீர்கள்.

ஐந்தாம் படி: நூல், கயிறு, ஊக்கு

என் இரண்டாவது மகனின் காலுறைக்குள் ஒரு நூல் இழை. காலையில் கழற்றினால் சுண்டுவிரலைச் சுற்றி இறுகி, நுனி நாவல் பழம் மாதிரி கறுத்திருந்தது. மெல்ல வெட்டி எடுத்தோம், நல்லவேளை தப்பித்தது. முடி சுற்றினாலும் இப்படித்தான் ஆகும். காலுறை, கையுறை, காலோடு சேர்ந்த உடுப்பு எதுவானாலும் போடும் முன் உள்பக்கத்தைத் திருப்பி, தொங்கும் நூலை எல்லாம் வெட்டிவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு ராத்திரியில் காலுறை பெரும்பாலும் தேவையே இல்லை.

கழுத்துச் செயின், வசம்பு வளையல், மணிக்கயிறு, ஊக்கு எல்லாவற்றையும் படுக்கும் முன் கழற்றிவிடுங்கள். கண்ணேறு பற்றி வீட்டில் பெரியவர்கள் வருத்தப்பட்டால், பகலில் போட்டுக்கொள்ளட்டும் என்று பதமாகச் சொல்லிப் பாருங்கள். என் மாமி ஒரு வாரத்தில் ஒத்துக்கொண்டார்கள்.

ஆறாம் படி: துவைப்பதும் உலர்த்துவதும்

புதிதோ பழசோ, துவைக்காமல் போடாதீர்கள். சோப்பு குறைவாக, அலசல் அதிகமாக. நாப்பித் துணிக்கு வாசனைத் திரவம் ஊற்றினால் அது ஈரம் உறிஞ்சுவது குறையும்.

இதைக் கவனமாகப் படியுங்கள். அக்கா பிள்ளையின் பழைய உடுப்புகள் பெட்டியிலிருந்து இறங்கி வரும், பாச்சை உருண்டை வாசனையோடு. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும், பார்த்தால் தெரியாது. அந்தப் பிள்ளைகளுக்குப் பாச்சை உருண்டையில் இருக்கிற நாப்தலீன் பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம். அதனால் பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியைப் பிறந்த பிள்ளைக்குப் போடாதீர்கள், போர்த்தவும் வேண்டாம். பழைய துணியை எடுத்து வைக்கும்போது நன்றாகக் காயவைத்து வேப்பிலை போட்டுக் கட்டி வைத்தால் போதும்.

நமக்கு ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் மறுபடியும் ஒன்று. துணி கொடியில் மூன்று நாள் கிடந்தாலும் காயாது. அரை ஈரத்தில் மடித்தால் பூஞ்சை வாடை வரும். உள்ளே கொடி கட்டி மின்விசிறிக்கு அடியில் போட்டு, கடைசியில் இஸ்திரி போட்டு ஈரத்தை எடுத்துவிடுங்கள். இந்த மழையை மனதில் வைத்துத்தான் எண்ணிக்கையும். வெயில் காலத்தில் ஆறு உடுப்பு போதும், மழைக்காலத்தில் குறைந்தது பத்து வேண்டும்.

ஏழாம் படி: படுக்க வைக்கும்போது

"பிள்ளைக்கு குளிரும்லா மக்களே, ஒரு தொப்பியாவது போடு" என்று மாமி சொல்லாத ராத்திரி கிடையாது. பிள்ளையின் உள்ளங்கையும் பாதமும் சில்லென்று இருப்பது இயல்புதான், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியிலோ நெஞ்சிலோ விரல் வைத்துப் பாருங்கள். இளஞ்சூடாக, உலர்ந்து இருந்தால் சரி. ஈரமாக இருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். தலை வழியாகத்தான் பிள்ளைக்குச் சூடு நிறைய வெளியேறும், அதனால் வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி வேண்டாம். மாமியின் கையையே எடுத்துப் பிடரியில் வைத்துக் காட்டினேன். "ஆமா, வேர்க்கத்தான் செய்யுது" என்று அவர்களே தொப்பியைக் கழற்றினார்கள்.

பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். படுக்கை கெட்டியாகவும் சமமாகவும் இருக்கட்டும். தலையணை, தளர்ந்த போர்வை, பஞ்சுப் பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். துணியில் சுற்றிப் படுக்க வைப்பதென்றால் மெல்லிய மல் துணியில் மட்டும், இடுப்புக்குக் கீழே தாராளமாக, கால் மடங்கி விரிகிற மாதிரி சுற்றுங்கள். பிள்ளை புரளப் பார்க்கிறது என்று தெரிந்த அன்றே சுற்றுவதை நிறுத்திவிடுங்கள், சில பிள்ளைகள் இரண்டு மாதத்திலேயே ஆரம்பிக்கும். கொசுவுக்காகக் கனத்த துணி போட வேண்டாம், வலை கட்டி ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகுங்கள்.

படுக்கும் முன் ஒரு ஜப்லா, இரண்டு நாப்பி, ஒரு துவர்த்து நான்கையும் கைக்கு எட்டும் இடத்தில் அடுக்கி வையுங்கள். பட்டன்களை முன்கூட்டியே திறந்து வைத்துவிடுங்கள்.