டிக் டிக் சத்தம் கேட்ட பிறகு செய்யக் கூடாதவை

போன வாரம், தகவல் மீட்பு வேலை பழகும் ஒரு தம்பி உற்சாகமாகச் சொன்னார்: “அண்ணா, அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. இரவு முழுவதும் ரிப்பேர் ஓடவிட்டேன். 11 சதவீதம் முடிந்துவிட்டது.” எழுந்து போய்க் கேபிளைக் கழற்றினேன். அவரைக் கடிந்துகொள்ள வாய் வரவில்லை. அதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன்.

கீழே போடாதீர்கள், ஓடும்போது பிடுங்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். சத்தம் கேட்ட பிறகு கை என்ன செய்கிறது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எல்லாச் சத்தத்துக்கும் பதறுவது

சுழலும் தட்டுகள் உள்ள ஹார்ட் டிஸ்க் ஊமையாக இருக்காது. செருகியதும் ‘ஸ்ஸ்’ என்று வேகம் பிடிக்கும், பிறகு ஹெட்டுகள் (தட்டில் தகவலைப் படித்து எழுதும் நுண்ணிய முனைகள்) ஒதுங்கியிருந்த இடத்திலிருந்து இறங்கும்போது ஓரிரு தட்டல் கேட்கும். சும்மா இருக்கும்போது அவை மறுபடி ஒதுங்கினால் ஒரு ‘க்ளிக்’. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை நகலெடுத்தால் பொரிவது போன்ற ஓசை. இவை எல்லாம் இயல்பானவை. கவலைப்பட வேண்டியது தாளத்துக்கு: சம இடைவெளியில் டிக், டிக், டிக் என்று அடித்துவிட்டு மோட்டார் நின்றுபோனால் அது நோய். உலோகத்தைச் சுரண்டுவது போலக் கேட்டால், அந்த நொடியிலேயே கழற்றிவிடுங்கள்.

‘பீப்’ சத்தத்தை எச்சரிக்கை மணி என்று நினைப்பது

டிஸ்க்குக்குள் ஒலிபெருக்கி எதுவும் கிடையாது. சுழல முயன்று முடியாமல் திணறும் மோட்டாரின் குரல் அது. மின்சாரம் போதாமல் இருக்கலாம். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. சுழலத் தொடங்கும் நொடியில்தான் மோட்டாருக்கு மிக அதிகம் தேவைப்படும். ஹப் இல்லாமல் நேராகக் கணினியில், வேறு கேபிளில், ஒரே ஒரு முறை செருகிப் பாருங்கள். அப்போதும் பீப் என்றால் ஹெட்டுகள் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடும். மேலும் மேலும் செருகினால் அவை பிய்ந்துவிடும்.

டிக் அடிக்கும் டிஸ்க்கில் ரிப்பேர் ஓடவிடுவது

பல ஆண்டுகளாக இதைப் பார்த்துவருகிறேன், இன்றும் என்னால் பொறுக்க முடிவதில்லை.

சிறிய டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்கிறது. ஹெட் அதற்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனோ பல பத்தாயிரம் நானோமீட்டர். தொடங்கியதும் ஹெட், தட்டிலேயே எழுதப்பட்டிருக்கும் டிஸ்க்கின் சொந்தத் தகவல்களைப் படித்தாக வேண்டும். ஹெட் பழுதாகியிருந்தால் படிக்க முடியாது. அதைத் தாங்கும் கை திரும்பி வந்து மறுபடி முயலும். அந்தப் போக்குவரத்தில் எழுவதுதான் டிக் சத்தம். அடிபட்ட ஹெட் தட்டின் மேல் போய் வரும் ஒவ்வொரு முறையும், உங்கள் கோப்புகள் பதிந்திருக்கும் பூச்சு உரியக்கூடும். உரிந்த துகள் அடுத்த ஹெட்டையும் கெடுக்கும்.

ரிப்பேர் நிரல் என்ன செய்கிறது? விண்டோஸின் செக் டிஸ்க்கை முழு ஸ்கேனோடு ஓடவிட்டால் தட்டை ஒவ்வொரு செக்டாராக, அதாவது ஒவ்வொரு சிறு சேமிப்புத் துண்டாகப் படிக்கிறது. படிக்க முடியாத இடத்தில் டிஸ்க் திரும்பத் திரும்ப முயல்கிறது. போதாக்குறைக்கு, அதே டிஸ்க்கில் எழுதவும் செய்கிறது. கோப்பு அட்டவணையில் வந்த குழப்பத்தைச் சீர்செய்யப் பிறந்த கருவி அது. உடைந்த ஹெட்டை அது ஒட்டவைக்காது.

என் கைக்கு வந்தது அக்காவின் டிஸ்க். அவள் மகளின் முதல் மூன்று ஆண்டுப் படங்கள் அதில் மட்டுமே இருந்தன. மாலையில் டிக் அடித்தது. ஆனாலும் இடையிடையே கோப்புறைகள் திறந்தன. அந்தப் படங்களை அப்போதே நகலெடுத்திருக்க வேண்டும், அல்லது அணைத்துவைத்திருக்க வேண்டும். நான் ரிப்பேரைத் தொடங்கிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு ஆய்வகத்தில் திறந்தபோது, தட்டின் மேல் வட்டமாக ஒரு கோடு. பூச்சு போன இடத்தில் மீட்பதற்கு எதுவும் மிச்சமில்லை என்றார்கள்.

எனவே வரிசை இதுதான். முதலில் அணையுங்கள். உள்ளே இருப்பதற்கு மாற்று உண்டா என்று யோசியுங்கள். இல்லையென்றால், அல்லது டிஸ்க்கைக் கணினி அடையாளமே காணவில்லையென்றால், தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அந்த நிலையில் எந்த மென்பொருளும் உதவாது. இழந்தாலும் பரவாயில்லை, டிஸ்க்கும் ஓரளவு படிக்கிறது என்றால், டிடிரெஸ்க்யூ போன்ற நிரலால் வேறொரு நல்ல டிஸ்க்குக்கு முழு இமேஜ், அதாவது டிஸ்க் முழுவதன் அச்சு நகல், எடுங்கள். அது எளிதாகப் படிக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கும். ரிப்பேர் எதுவானாலும் அந்த நகலின் மேல்தான்.

ஃப்ரீசரில் வைப்பது

வேண்டாம். வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் படியும்.

மூடியைத் திறப்பது

ஒரு தூசி போதும்.

சர்க்யூட் போர்டை மாற்றுவது

அதே மாடல் போர்டு என்றாலும், அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பழைய போர்டின் சிப்பில் இருக்கும். அதை இடம் மாற்றாமல் புதிய போர்டு பெரும்பாலும் ஓடாது. டிக் சத்தத்துக்குக் காரணம் ஹெட் என்றால், ஓடியும் பயனில்லை.

சத்தம் நின்றுவிட்டது என்று நிம்மதி அடைவது

மறுநாள் அமைதியாக ஓடும் டிஸ்க் பலரை ஏமாற்றியிருக்கிறது. அந்த அமைதி கிடைத்த நேரத்தில் முக்கியமான கோப்புறையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். அதன் பிறகு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவியில் ஸ்மார்ட் பட்டியலை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல்) திறந்து 05, சி5 ஆகிய வரிகளைப் பாருங்கள். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள் முதலாவதில், படிக்க முடியாமல் காத்திருப்பவை இரண்டாவதில். அந்த எண்கள் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். இரண்டும் பூஜ்யம் என்றாலும், டிக் அடித்த டிஸ்க்கில் ஒரே பிரதியாக நான் எதையும் வைப்பதில்லை.