கணினியிலிருந்து நேராக ஸ்கிரீனுக்கு: சி.டி.எஸ். இயந்திரம் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஸ்கிரீன் பிரிண்டிங்கில், டிசைனைக் கறுப்பாக அடித்த ஃபிலிம் (ஃபிலிம் பாசிட்டிவ்) இல்லாமலே, எமல்ஷன் (ஒளி பட்டால் இறுகும் பூச்சு) பூசிய ஸ்கிரீனில் நேரடியாக டிசைனை ஏற்றும் இயந்திரம்தான் சி.டி.எஸ். கம்ப்யூட்டர் டு ஸ்கிரீன் என்பதன் சுருக்கம் அது. ஃபிலிம் அடிப்பது, அளந்து டேப் போட்டு ஒட்டுவது, வேக்குவம் பிடிக்கும்வரை காத்திருப்பது, வேலை முடிந்த ஃபிலிமை உறையில் போட்டு அடுக்குவது எதுவுமே இதில் தேவையில்லை. ஆனால் தொய்ந்த மெஷ்ஷையும் (ஃபிரேமில் இழுத்துக் கட்டிய வலைத்துணி) ஈரம் போகாத எமல்ஷனையும் எந்த இயந்திரமும் சரிசெய்து தராது. அதனால் கம்பெனிகளின் விலைப்பட்டியலை எடுப்பதற்கு முன், உங்கள் ஸ்கிரீன்களைக் கையில் எடுங்கள்.

படி 1: இரண்டு வாரக் கணக்கு

எக்ஸ்போசிங் (ஸ்கிரீனுக்கு ஒளி காட்டும்) அறையில் ஒரு நோட்டு வையுங்கள். தினமும் எத்தனை ஸ்கிரீன் போடுகிறீர்கள், எந்த ஃபிரேம் அளவு, எந்த மெஷ், ஃபிலிம் தொடர்பான வேலைக்கு எத்தனை நிமிடம் என்று எழுதி வாருங்கள். திரும்பப் போட்ட ஸ்கிரீன்களைத் தனியாகக் குறியுங்கள். அது ஏன் கெட்டது என்பதும் கூடவே இருக்கட்டும்: பின்ஹோலா (ஊசித்துளை), ரெஜிஸ்டர் விலகலா (கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராதது), சின்னப் புள்ளிகள் அடைத்துப்போனதா?

ஒரு கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 40 ஸ்கிரீன், ஒவ்வொன்றுக்கும் ஃபிலிம் வேலை 6 நிமிடம் என்றால் 240 நிமிடம். இயந்திரம் ஒரு ஸ்கிரீனுக்கு இரண்டரை நிமிடம் எடுத்தால் 100 நிமிடம். அந்த நேரத்திலும் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை. நாளுக்கு 8 ஸ்கிரீன் மட்டும் போடும் கடையில் இதே கணக்கு 48-க்கு 20 என்று வரும். மிச்சம் அரைமணி நேரத்துக்கும் குறைவு. அந்தக் கடை முதலில் நல்ல ஃபிரேம்களுக்கும் உலர்த்தும் அலமாரிக்கும் எல்இடி எக்ஸ்போஷர் யூனிட்டுக்கும் செலவு செய்வதே சரி.

படி 2: மூன்று வகையில் எது உங்களுக்கு?

முதல் வகை திரவ இங்க்ஜெட். புற ஊதா ஒளியைத் தடுக்கும் கறுப்பு இங்கை எமல்ஷன் மேலேயே அடிக்கும். பிறகு வழக்கம்போல எக்ஸ்போஸ் செய்து கழுவ வேண்டும். மூன்றில் ஆரம்பச் செலவு குறைவு இதில்தான். ஆனால் எமல்ஷனைப் பொறுத்துத்தான் முடிவு. சில எமல்ஷன்களின் மேற்பரப்பு தண்ணீரை ஏற்காது. அதில் இங்க் பரவி நிற்காமல் முத்து முத்தாக உருளும், ஓரம் கடித்த மாதிரி வரும். எமல்ஷனில் ஈரம் இருந்தால் நேர்மாறாக இங்க் கசிந்து, அச்சுப் புள்ளி பெரிதாகும்.

இரண்டாவது மெழுகு. சூடான ஹெட்டிலிருந்து (துளியை உமிழும் பகுதி) உருகிய மெழுகுத் துளி விழுந்து, எமல்ஷனைத் தொட்டதும் உறைந்துவிடும். பரவ நேரமில்லாததால் ஓரம் கூர்மையாக வரும், கறுப்பும் அடர்த்தியாக நிற்கும், உலர்த்தவும் வேண்டாம். பலவீனம் ஒன்று உண்டு: மெழுகு மேற்பரப்பில் உட்கார்ந்திருப்பதால், ஸ்கிரீன்களை உரசுகிற மாதிரி அடுக்கினால் சுரண்டிப் போகும். கழுவும்போது வரும் மெழுகுத் துகள்கள் வடிகாலை அடைக்கும், ஆகவே தொட்டியில் வடிகட்டி கட்டாயம். ஹெட் சூடாக எத்தனை நிமிடம் ஆகும், நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று விற்பவரிடம் கேளுங்கள்.

மூன்றாவது நேரடி ஒளி. இங்க்கும் கிடையாது, மெழுகும் கிடையாது. பெரும்பாலும் 405 நானோமீட்டர் அளவிலான லேசர் ஒளி, அச்சாகக் கூடாத இடங்களை மட்டும் நேராக இறுக்கிவிடும். தனி எக்ஸ்போஷர் யூனிட் தேவையில்லை, நாசில் (ஹெட்டில் உள்ள நுண்துளை) அடைப்பு என்ற தலைவலியும் இல்லை. ஆரம்பச் செலவு மூன்றிலும் அதிகம். வேகம் எமல்ஷனைப் பொறுத்தது: எஸ்பிக்யூ போட்டோபாலிமர் என்ற வகை எமல்ஷன் சீக்கிரம் இறுகும், டயசோ என்ற ரசாயனம் கலந்தது மெதுவாகத்தான் இறுகும். எமல்ஷனைத் தடிமனாகப் பூசும் பழக்கம் உள்ள கடையில் இந்த இயந்திரம் விளம்பரத்தில் சொன்ன வேகத்தில் ஓடாது.

படி 3: ஃபிரேமைச் சோதியுங்கள்

பலர் தாண்டிப் போகும் இடம் இதுதான். இங்க்ஜெட்டிலும் மெழுகிலும் ஹெட், எமல்ஷனுக்கு ஓரிரு மில்லிமீட்டர் மேலேதான் ஓடுகிறது. ஃபிரேமின் ஒரு மூலை தூக்கியிருந்தால் ஹெட் ஸ்கிரீனில் உரசும். உரசினால் நாசில் தட்டு கீறும், ஹெட்டையே மாற்ற வேண்டி வரலாம்.

சமமான தடித்த கண்ணாடி மேல் ஃபிரேமை வைத்து நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். டக் டக் என்று ஆடுகிற ஃபிரேமில் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். 1 மில்லிமீட்டரைத் தாண்டுவதை ஒதுக்கிவிடுங்கள். பிறகு அச்சுப் பக்கம் மேலே வருமாறு வைத்து, இரும்பு ஸ்கேலை மெஷ் மேல் குறுக்காக நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். நடுவில் ஸ்கேலுக்கும் மெஷ்ஷுக்கும் இடையே வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் மெஷ் தொய்ந்திருக்கிறது. டென்ஷன் மீட்டரில் சென்டிமீட்டருக்கு 20 நியூட்டனுக்குக் கீழே காட்டும் ஸ்கிரீன்களைத் திரும்ப இழுத்துக் கட்டுங்கள். மர ஃபிரேம் ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும், இந்த வேலைக்கு அலுமினியம்தான். எல்லா ஃபிரேமும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஹெட் உயரத்தைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள்.

படி 4: 600 டிபிஐ போதுமா?

டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் இயந்திரம் அடிக்கும் துளிகள். நிறத்தின் ஏற்ற இறக்கத்தைப் புள்ளிகளாக்குவது ஹாஃப்டோன், ஓர் அங்குலத்தில் வரும் அந்தப் புள்ளி வரிசைகள்தான் எல்பிஐ. 600 போதுமா என்று பார்க்க, உங்கள் ஹாஃப்டோன் எத்தனை எல்பிஐ என்று தெரிந்தால் போதும். டிபிஐயை எல்பிஐயால் வகுத்து, வருவதை அதனாலேயே பெருக்குங்கள். ஒரு புள்ளிக்கான கட்டத்தில் எத்தனை துளி விழ முடியும் என்பது கிடைக்கும். 600 டிபிஐயில் 55 எல்பிஐ என்றால் சுமார் 119 துளி. அதில் 3 சதவீதப் புள்ளி என்பது மூன்று நான்கு துளிகள் மட்டுமே. ஒரு நாசில் அடைத்தால் அந்தப் புள்ளி உருக்குலைந்துவிடும், முகத்தோல் போன்ற மென்மையான இடங்களில் கோடு விழும். 65 எல்பிஐக்குப் போனால் 85 துளிதான், நிற மாற்றம் படிப்படியாகத் தெரிய ஆரம்பிக்கும். 1200 டிபிஐயில் அதே 65-க்கு சுமார் 340 துளி கிடைக்கும்.

45 முதல் 55 எல்பிஐக்குள் துணி அச்சு செய்பவருக்கு, ஒழுங்காகப் பராமரித்த 600 டிபிஐ போதும். 65-க்கு மேல் போகிறவர் 1200-ஐப் பாருங்கள். ஆனால் மெஷ்ஷும் ஒத்துவர வேண்டும்: எல்பிஐயைப் போல நான்கு மடங்காவது மெஷ் எண் (ஓர் அங்குலத்தில் உள்ள நூல்கள்) இருக்கட்டும். 55-க்கு 230 மெஷ், 65-க்கு 280 அல்லது 305. 160 மெஷ்ஷை வைத்துக்கொண்டு 1200 டிபிஐ வாங்கினால் அந்தக் கூர்மை நூலிழையிலேயே தொலைந்துவிடும்.

படி 5: ரெஜிஸ்டர்

சி.டி.எஸ்.ஸின் உண்மையான லாபம் ஃபிலிம் செலவில் இல்லை, பிரிண்டிங் மெஷினில் ஸ்கிரீன் ஏற்றும் நேரத்தில் இருக்கிறது. இயந்திரத்தில் ஃபிரேம் மூன்று நிறுத்தங்களில் சாய்ந்து உட்காரும். அதே மூன்று புள்ளிகள் கொண்ட ரெஜிஸ்டர் பலகையைப் பிரிண்டிங் மெஷினிலும் வைத்துவிட்டால், ஆறு கலர் வேலையிலும் ஒவ்வொரு ஸ்கிரீனும் ஏறக்குறைய தன் இடத்திலேயே இறங்கும். மைக்ரோ திருகில் சின்னத் திருத்தம் மட்டும் மிச்சம். ஆகவே உங்கள் மெஷினுக்கு ஏற்ற பலகை கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்த மாடலை விட்டுவிடலாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

படி 6: அறை

மஞ்சள் விளக்கு, சமதளத் தரை, எர்த் சரியான மின் இணைப்பு, யூபிஎஸ். காற்றின் ஈரப்பதம் ஸ்கிரீன் உலரும் அறையில் 40 சதவீதத்தை ஒட்டியும், இங்க்ஜெட் ஓடும் அறையில் 40 முதல் 60-க்குள்ளும் இருக்கட்டும். மிகவும் வறண்டால் நாசில் காயும். துணித்தூசி பறக்கும் அச்சுக்கூடத்திலேயே இயந்திரத்தை வைக்காதீர்கள், ஹெட்டில் ஒட்டிய ஒரு நார் ஸ்கிரீன் முழுக்கக் கறுப்பாக இழுத்துக்கொண்டு போகும்.

படி 7: உங்கள் ஸ்கிரீனில் சோதனை

ஷோரூமில் தயாராக வைத்திருக்கும் ஸ்கிரீனில் எல்லாம் அழகாகத்தான் வரும். உங்கள் ஃபிரேம், உங்கள் மெஷ், உங்கள் எமல்ஷன் பூசிய 6 ஸ்கிரீன்களை ஒளி படாமல் சுற்றி எடுத்துப் போங்கள். சோதனை ஃபைலில் நான்கு மூலைகளில் மெல்லிய கூட்டல் குறி, 3 முதல் 97 சதவீதம் வரை ஹாஃப்டோன் கட்டங்கள், மிகச்சிறிய எழுத்துகள், உள்ளங்கை அளவு முழுக் கறுப்புப் பெட்டி ஆகியவை இருக்கட்டும்.

21 படி கொண்ட ஸ்டெப் வெட்ஜ் (படிப்படியாகக் கறுத்துக்கொண்டே போகும் ஃபிலிம் பட்டை) ஒன்றை ஸ்கிரீனின் காலி இடத்தில் ஒட்டி எக்ஸ்போஸ் செய்யுங்கள். 7-ஆம் படி வரை எமல்ஷன் நிற்கும் நேரத்தில், கறுப்புப் பெட்டி சுத்தமாகக் கழுவி வருகிறதா பாருங்கள். அங்கே வழவழவென்று ஒரு படலம் தங்கினால் கறுப்பின் அடர்த்தி போதவில்லை, ஒளி ஊடுருவியிருக்கிறது. பிறகு 3 சதவீதக் கட்டத்தை லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பாருங்கள். புள்ளிகள் வட்டமாகத் திறந்திருக்க வேண்டும். வரிசை வரிசையாகக் காணாமல் போயிருந்தால் நாசில் அடைப்பு. சீரான இடைவெளியில் குறுக்குக் கோடு தெரிந்தால் ஹெட் நகரும் அளவு சரியாக அமையவில்லை. நேரடி ஒளி இயந்திரத்தில் இந்த வெட்ஜ் வேண்டாம், புள்ளியும் பெட்டியும் மட்டும் பாருங்கள்.

கடைசியாக, நான்கு ஸ்கிரீனில் ஒரே கூட்டல் குறி ஃபைலை ஏற்றி, உங்கள் மெஷினில் நான்கு கலராக ஒரே துணியில் அடியுங்கள். நான்கு மூலையிலும் ஒரே திசையில் விலகினால் அது வைப்பில் உள்ள பிழை, திருத்திவிடலாம். ஒரு மூலையில் மட்டும் விலகினால் ஃபிரேமையோ டென்ஷனையோ சந்தேகியுங்கள்.

படி 8: கையெழுத்துக்கு முன்

ஒரு ஸ்கிரீனுக்கு எத்தனை மில்லி இங்க், ஹெட்டைச் சுத்தம் செய்ய எவ்வளவு வீணாகிறது, இங்க் எத்தனை மாதம் தாங்கும், ஹெட் வாரண்டியில் உரசல் சேதம் சேருமா, ஹெட் கெட்டால் எத்தனை நாளில் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். ரிப் மென்பொருள் (டிசைனைப் புள்ளிகளாக மாற்றி இயந்திரத்துக்கு அனுப்புவது) நீங்கள் செபரேஷன் (கலர் பிரிப்பு) செய்யும் புரோகிராமிலிருந்து வரும் பிடிஎஃப்பையும் 1-பிட் டிஃப்பையும் ஏற்க வேண்டும். புள்ளியின் வடிவம், கோணம், புள்ளி பெருக்கத்துக்கான வளைவு எல்லாம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இயந்திரம் வந்த பிறகு பழைய எக்ஸ்போஷர் நேரத்தை அப்படியே வைக்காதீர்கள். நடுவில் ஃபிலிமும் கண்ணாடியும் இல்லாததால் ஒளி நேராக விழும், நேரம் குறையும். ஸ்டெப் வெட்ஜ் வைத்து மெஷ்ஷுக்கு மெஷ் புதிதாகக் கண்டுபிடியுங்கள். இங்க்ஜெட்டும் மெழுகும் வைத்திருப்பவர்கள் காலையில் முதல் ஸ்கிரீனுக்கு முன் நாசில் செக் போடுங்கள், வேலையில்லாத நாளிலும் ஒருமுறை. பழைய ஃபிலிம் பிரிண்டரை மூன்று மாதமாவது விற்காமல் வையுங்கள். அவசர ஆர்டர் இருக்கும் நாளில் ஹெட் நின்றுவிட்டால் அதுதான் கைகொடுக்கும்.