ஒர்க்ஷாப் போய் வந்தபின் என்ஜின் மக்கர் பண்ணினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வீஸுக்கு விடும்வரை ஒழுங்காக ஓடிய கார், எடுத்துக்கொண்டு பாபநாசம் தாண்டுவதற்குள் மிஸ்ஸிங் அடிக்கிறது (என்ஜின் சீராக ஓடாமல் விட்டுவிட்டு உதறுகிறது), பிக்கப் இல்லை என்றால், புதிதாக ஏதோ கெட்டுவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு. பில்லை எடுத்துப் பாருங்கள். கை வைத்த இடத்திலிருந்துதான் தேட ஆரம்பிக்க வேண்டும்.

ஏர் ஃபில்டர் மாற்றியிருக்கிறார்கள், என்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியை கிளீன் பண்ணியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேலைக்குக் காற்றுக்குழாயைக் கழற்றியாக வேண்டும். திரும்ப மாட்டும்போது கிளிப்பை இறுக்காமல் விட்டாலோ, விரல் தடிமன்கூட இல்லாத வேக்வம் ஹோஸ் ஒன்றை மாட்ட மறந்தாலோ, அந்த வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஐடிலிங் (மிதிக்காமல் நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கும், வண்டியின் கம்ப்யூட்டரில் பி0171 (P0171) என்ற கோளாறுக் குறியீடு, அதாவது ‘கோடு’ (code) வரலாம். பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பதுதான் அதன் பொருள். இதைப் பார்த்தவுடன் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. பாவம், அந்த சென்சார் உள்ளதைச் சொன்னது, அவ்வளவுதான். பானெட்டைத் திறந்து, என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ‘உஸ்’ சத்தம் எங்கே வருகிறது என்று காதை வைத்துக் கேளுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கையோ துண்டோ போகக் கூடாது.

அடுத்த தவறு, செக் என்ஜின் விளக்கு எரிகிறதே என்று பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டுவது. விளக்கு அணையும், கூடவே கோடும், கோளாறு வந்த நேரத்து வேகம், சூடு போன்ற பதிவுகளும் அழிந்துவிடும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (கோடு படிக்கும் கருவியை மாட்டும் இடம்) ஸ்கேனரை மாட்டி, அதில் தெரிவதை முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விளக்கு கண் சிமிட்டுவதுபோல் விட்டுவிட்டு எரிந்தால், வீடுவரை ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்; அது பெரிய செலவு.

பி0301 வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். உடனே காயில் (பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) வாங்க ஓட வேண்டாம். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியென்றால், என்ஜினை அணைத்துவிட்டு முதல் காயிலை இரண்டாவதோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோடு பி0302 ஆனால் காயில்தான் போய்விட்டது. மாறாவிட்டால் பிளக், கனெக்டர், இன்ஜெக்டர் என்று பாருங்கள். பிளக்கை இறுக்கும்போது அதன் பீங்கானில் விரிசல் விழுந்திருக்கலாம், வெளியே தெரியாது.

ரேடியேட்டர் வேலை பார்த்த வண்டியா? நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடக்கும்போது சூடு ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன் கனெக்டரைப் பாருங்கள். ஓடும்போதே ஏறினால் ஏர் லாக் (கூலன்ட் பாதையில் சிக்கிய காற்று), கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் அல்லது ரேடியேட்டர் அடைப்பாக இருக்கலாம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கூலன்ட் குறைந்தது என்று போர் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீர் என்ஜினின் அலுமினிய ஹெட்டை அரித்துவிடும்.

ஆயில் அளவை டிப்ஸ்டிக்கில் நீங்களே பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் அதுவும் கோளாறுதான்.

ஆனால் எல்லாப் பழியையும் மெக்கானிக் தலையில் போடவும் முடியாது. அறுவடை முடிந்தால் வயல் எலி வீட்டுப் பக்கம் வரும்; இரவில் சூடான என்ஜின் மேல் ஏறி ஒயரைக் கடிக்கும். பானெட்டுக்குள் வைக்கோல் துணுக்கும் எலிப் புழுக்கையும் கிடந்தால் கதையே வேறு.

அதே ஒர்க்ஷாப்புக்குத் திரும்பப் போகும்போது ‘என்ஜின் சரியில்லை’ என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டிலா, ஏசி போட்டாலா, மூன்றாவது கியரில் மிதித்தாலா என்று சொல்லுங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதே கியரில் ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்கள்.